செவலையின் சொறி, மணியின் கால்

எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் கினி பன்றிகளில் (முயலைவிடச் சிறிய, வாலில்லாத வளர்ப்புப் பிராணி) நல்ல உடம்போடு வந்து சேர்ந்தது ஒன்றுகூடக் கிடையாது. தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி வீடு, மேலே மொட்டைமாடி, அம்மாவும் நானும். பகலில் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட் வேலை, அது முடிந்து வந்தால் இவற்றின் வேலை. பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்கி, முழுப்பரீட்சை வந்ததும் வேண்டாம் என்று ஆனவை சில. ஆண் எது பெண் எது என்று தெரியாமல் சேர்த்து வளர்த்து, குட்டி பெருகி, யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துப் பூங்கா வாசலில் விட்டுப்போனவை சில. வீட்டைக் காலி செய்தவர்கள் மாடியில் கூண்டோடு விட்டுப்போனதும் உண்டு.

இப்படி வருகிறவற்றுக்குப் பலர் ஏற்கெனவே ஏதாவது மருந்து போட்டிருப்பார்கள். “எவ்வளவோ பார்த்தாச்சுக்கா, கேட்கவே மாட்டேங்குது” என்று சொல்லித்தான் என் கையில் கொடுப்பார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கேட்காத நோய் என்று வருவதில் முக்கால்வாசி கேட்கக்கூடிய நோய்கள்தான். மேலே தெரியும் நோய்க்கு அடியில் இன்னொன்று இருக்கும். அதற்கும் அடியில் ஈரத் தரையோ தப்பான தீனியோ இருக்கும். அதைத் தொடாமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. அடுத்தது, பாதியில் நிறுத்திய மருந்து. கொஞ்சம் முடி முளைத்ததும் குணமாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள்.

எந்த நோயோடு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது வைட்டமின் சி. நாய், பூனை, ஆடு, மாடு எல்லாம் தங்கள் உடம்பிலேயே இதைத் தயாரித்துக்கொள்ளும். நம்மாலும் முடியாது, கினி பன்றியாலும் முடியாது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வாய் வழியாகப் போய்ச் சேர வேண்டும். நோயாளிக்கும் சினையாக இருப்பதற்கும் அதற்கு மேலும் வேண்டும். அரிசி, காய்ந்த ரொட்டி, வெள்ளரிக்காய் என்று வளர்ந்ததற்குச் சில வாரங்களிலேயே குறை தெரிய ஆரம்பித்துவிடும். முடி சிலிர்த்து நிற்கும், மூட்டு வீங்கும், தூக்கினால் கத்தும், ஈறில் ரத்தம் கசியும், புண் ஆறவே ஆறாது. மூட்டு வலியில் நகர முடியாமல் மூலையில் கிடந்ததைக் காட்டி “இது ரொம்ப சாது” என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

தண்ணீர்ப் புட்டியில் வைட்டமின் சொட்டு மருந்தைக் கலந்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் வைட்டமின் சி சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். ருசி மாறிவிட்டது என்று அவை தண்ணீரையே குறைத்துக் குடிக்கவும் செய்யும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலந்தால், அரை மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கும். அதை அன்றன்றைக்குக் கலந்து சிரிஞ்சில் வாயில் கொடுப்பேன், மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். உடம்பு தேறிய பிறகு இதெல்லாம் வேண்டியதில்லை. ஒரு துண்டு கொய்யாவும் குடைமிளகாயும் போதும். கொய்யா 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நம் ஊரில் விலையும் கட்டுப்படியாகும்.

இப்போது செவலை கதைக்கு வருகிறேன். வியாசர்பாடியிலிருந்து வந்த பெண் கினி பன்றி. முதுகு முழுக்க முடி கொட்டி, தோல் தடித்து, பொருக்கு பொருக்காக இருந்தது. முதுகில் விரல் பட்டால் போதும், பின்னங்காலால் வெறி பிடித்த மாதிரி சொறியும். அப்புறம் தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு விழுந்து, கால்களை உதைத்துத் துடிக்கும். வலிப்பு என்று நினைத்து அந்த வீட்டில் தொடவே பயந்திருக்கிறார்கள். வலிப்பு மாதிரித்தான் இருந்தது, ஆனால் அது அரிப்பின் உச்சம். டிரிக்சாகாரஸ் கேவியே என்ற உண்ணி தோலுக்குள் குடைந்து போய் முட்டையிடும். கண்ணுக்குத் தெரியாது. முற்றிப்போனால் இப்படித் துடிப்பு வரும். அப்படியே விட்டால் உயிரும் போகும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. வடசென்னைக்காரர்களுக்கு மாடு, ஆடு, நாய் எதுவானாலும் வேப்பேரிதான். டாக்டரம்மா பிளேடின் முனையால் பொருக்கின் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். “வந்து பாரும்மா” என்று கூப்பிட்டுக் காட்டினார். உருண்டையான உடம்பு, குட்டைக் கால்கள், மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பிராணி எந்த வேதனையில் இருந்திருக்கும் என்பது எனக்கு உறைத்தது.

மருந்து ஐவர்மெக்டின். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மாட்டுக்குப் போடும் 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். 800 கிராம் எடையுள்ள கினி பன்றிக்கு டாக்டர் எழுதும் அளவு 0.03 மில்லியைச் சுற்றித்தான் வரும். 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் பார்த்தால் ஒரு கோட்டுக்குச் சற்று மேலே. கண் தப்பினால் பல மடங்கு போய்விடும். கடையில் வந்து “சொறிக்கு ஊசி மருந்து கொடுங்க, நானே போட்டுக்கிறேன்” என்று கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. எடை பார்த்து, நீர்க்கச் செய்து, டாக்டர் கையால் போட வேண்டிய மருந்து அது.

முதல் ஊசிக்குப் பிறகு செவலைக்குத் துடிப்பு நின்றது. அப்புறம் பூனைமுடி போல மெல்லிசாக முளைக்க ஆரம்பித்தது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்தக் கட்டத்தில்தான். மருந்து உண்ணியைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டை பொரிந்து வருவதைப் பிடிக்க 7 முதல் 14 நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும், குறைந்தது மூன்று முறையாவது. கூடவே இருக்கும் மற்றவற்றுக்கு அரிப்பே இல்லாவிட்டாலும் சேர்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு ஊசி நாளிலும் விரிப்பு மொத்தத்தையும் மாற்றி, கூண்டை வெந்நீர் விட்டுக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். பின்னங்கால் நகத்தை வெட்டிவிட்டதும் பெரிய உதவி. சொறிந்தாலும் தோல் கிழியாது.

சொறி போனதும் மூக்கின் மேல் வட்டமாக ஒரு வழுக்கை தெரிந்தது. ஓரத்தில் வெள்ளைச் செதில். அரிப்புக்கு அடியில் படர்தாமரையும் இருந்திருக்கிறது. கினி பன்றிக்கு இது பெரும்பாலும் முகத்தில், மூக்கு, கண், காது ஓரத்தில்தான் தொடங்கும். டிரைக்கோஃபைட்டான் மென்டாக்ரோஃபைட்டிஸ் என்ற பூஞ்சை. நாய் பூனைக்குப் பார்க்கிற ஊதா விளக்கில் இது ஒளிராது, அதனால் விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிட முடியாது. முடியைப் பிடுங்கி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்.

செவலையைக் கொண்டுவந்த பையனின் முழங்கையிலும் அதே வட்டம். “இன்னா தம்பி போட்டுனு இருக்கே?” என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்துக் காட்டினான். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், அதோடு வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீம். செவலைக்கும் அதையேதான் தடவியிருக்கிறார்கள்.

இந்தக் கிரீம்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வராமல் இருக்காது. தடவியதும் ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், குணமாகிவிட்டது போல் இருக்கும். தோலின் எதிர்ப்பும் சேர்ந்தே அடங்கிவிடுவதால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வரும். நம் நாட்டில் மனிதர்களுக்கே படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக ஆனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கே அடங்காத ஒரு வகைக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று இந்தியாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். 2018-இல் ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு விதியை இறுக்கியது. அப்படியும் கவுன்டரில் பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் குறையவில்லை.

பையனைத் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். செவலைக்கு இட்ராகொனசோல் வாய்வழி மருந்து, வாரக்கணக்கில். தோல் பளிச்சென்று ஆன பிறகும் டாக்டரம்மா நிறுத்தவில்லை, சோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்த பிறகுதான் நிறுத்தினார். இந்தப் பூஞ்சையின் விதைத்தூள் கூண்டிலும் விரிப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மரக் கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டோம், மரத்தில் ஊறியதைக் கழுவி எடுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வடசென்னையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அதற்கு அடுத்த வாரங்களில் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் வட்ட வழுக்கைதான். சுவரெல்லாம் ஈரம், துணி காயாது, கூண்டுக்கு அடியில் பூசணம். அந்த ஈரத்தில் எந்தப் பூஞ்சை மருந்தும் தனியாக நின்று ஜெயிக்காது. அம்மா இன்றைக்கும் மழைநாளில் விரிப்புத் துண்டுகளை இஸ்திரி போட்டுக் காய வைத்துத்தான் கூண்டில் விரிக்கிறாள்.

மணியின் கால்தான் எங்களை அதிகம் சோதித்தது. கோழிக்கூண்டுக் கம்பி வலையின் மேலேயே வளர்ந்தவன். நன்றாகத் தின்று எடையும் கூடுதல். முன்னங்கால் இரண்டின் உள்ளங்காலும் வீங்கி, நடுவில் கருப்பாகப் பொருக்குத் தட்டி, சுற்றிலும் சிவந்து பளபளவென்று இருந்தது. கினி பன்றியின் உள்ளங்காலில் முடி கிடையாது. மெல்லிய தோலுக்குக் கீழே உடனே எலும்பு. வலையில் அழுந்தி அழுந்திப் புண்ணாகி, அதில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்தால் எலும்புவரை போய்விடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். நல்லவேளை, எலும்பு அரிக்கவில்லை.

காலையும் ராத்திரியும் கட்டு. அம்மா மடியில் துண்டை விரித்து அவனைச் சுற்றிப் பிடித்துக்கொள்வாள், ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிவிட்டு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் உள்ள கிண்ணத்தில் கால் கொஞ்ச நேரம் ஊறும். முதலில் உதறுவான், சூடு இதமாகப் படிந்ததும் விட்டுக்கொடுப்பான். பொருக்கைக் கிள்ளி எடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊறித் தானாக வருவதை மட்டும் துடைத்து எடுத்து, சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு வைத்து, மேலே பஞ்சு, அதற்கு மேல் ஒட்டும் கட்டுத்துணி. இறுக்கமாகப் போனால் விரல் வீங்கும். லூசாக இருந்தால் பல்லால் அவிழ்த்துத் தின்றுவிடுவான். கட்டி முடித்ததும் நான் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்ப்பேன், சில்லென்று இருந்தால் பிரித்துத் திரும்பக் கட்டுவேன். வலிக்கு மெலாக்சிகம், டாக்டர் எழுதிய சொட்டுக் கணக்கில். அதற்குப் பிறகு அவன் நாலு காலையும் ஊன்றித் தீனிக்கிண்ணம்வரை நடப்பதைப் பார்த்தால், வலி மருந்து தேவையா என்ற கேள்வியே வராது.

களிம்பைவிடக் காலை ஆற்றியது தரைதான் என்பது என் எண்ணம். கம்பி வலையை எடுத்துவிட்டு, அட்டைக்கு மேல் பழைய பூந்துண்டு இரண்டு மடிப்பு, மூத்திரம் படிந்ததும் மாற்று. கோணிச் சாக்கு வேண்டாம், அது உள்ளங்காலை அறுக்கும். எடையைக் குறைக்க உருண்டைத் தீனியை அளந்து வைத்துப் புல்லை நிறையக் கொடுத்தோம். புதுத் தோல் மூட மாதங்கள் ஆயின. வாராவாரம் செல்போனில் ஒரே கோணத்தில் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால்தான் ஆறுகிறது என்பதே தெரியும். நேரில் பார்த்தால் அப்படியே இருப்பது போலத்தான் தோன்றும்.

மணியோடு பிறந்தவன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் கால் புண். வீட்டில் மிச்சமிருந்த குழந்தையின் அமாக்ஸிசிலின் சிரப்பைப் பாவப்பட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு வந்து இறந்துவிட்டான். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பென்சிலின், அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளின்டாமைசின், எரித்ரோமைசின் இவை எதுவும் கினி பன்றிக்கு வாய்வழியாகக் கூடாது. அதன் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல கிருமிகளை இவை அழித்துவிடும், அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி விஷம் கக்கும். சில நாளில் முடிந்துவிடும். என்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்றவற்றைத்தான் டாக்டர்கள் எழுதுகிறார்கள். நாய் மட்டுமே பார்த்துப் பழகிய இடத்துக்குப் போனால், சீட்டை வாங்கியதும் “இது கினி பன்றிக்கு ஆகுமா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருந்து சரியாக இருந்தும் நோயாளி போய்விடுவதற்கு இன்னொரு காரணம் பட்டினி. கினி பன்றியின் குடல் நிற்கவே கூடாது. அரை நாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்து தொடங்கிவிடும். வலியிலும் கசப்பு மருந்திலும் அவை தீனியை நிறுத்திவிடும், நாம் மருந்து போகிறதே என்று இருந்துவிடுவோம். எங்கள் வீட்டில் சமையலறைத் தராசுதான் முதல் டாக்டர். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, கிராம் கணக்கில் நோட்டில் எழுதுவேன். நடமாட்டத்தில் ஒன்றும் தெரியாத நாளிலேயே எடை காட்டிக்கொடுத்துவிடும். இறங்க ஆரம்பித்தால் உருண்டைத் தீனியை ஊற வைத்துக் கூழாக்கிச் சிரிஞ்சில் ஊட்டுவோம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50 மில்லியைச் சுற்றி, ஐந்தாறு வேளையாக. மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உட்கார்ந்த நிலையில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து கொஞ்சமாக விட்டு, மென்று விழுங்கிய பிறகு அடுத்தது. அவசரமில்லாதவர்கள் செய்ய வேண்டிய வேலை. எங்கள் வீட்டில் அது அம்மா.

எச்சில் ஒழுகி முகவாய் நனைந்தால் கடைவாய்ப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது பல்லும் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்துத் தேய்க்காவிட்டால் நாக்கின் மேல் பாலம் போல வளைந்து மூடிவிடும். புல்லுக்கு நாங்கள் வெளிநாட்டுப் பாக்கெட்டை நம்பி இல்லை, அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. மாதவரம் பக்கமிருந்து ஒரு ஆயா அருகம்புல் கொண்டுவருகிறார். பிள்ளையாருக்குப் போக மிச்சம் எங்களுக்கு. அலசி, மொட்டைமாடியில் நிழலில் காய வைத்தால் வாசனையாக இருக்கும். வெளிநாட்டில் பெர்முடா என்று விற்கும் புல்லும் இதே அருகுதான். முருங்கைக்கீரை, பாலக்கை நான் தினமும் போடுவதில்லை. கினி பன்றிக்குச் சிறுநீர்ப்பையில் கால்சியம் கற்கள் எளிதில் சேரும். எங்கள் போர் தண்ணீரும் ஒரே உப்பு, அதனால் குடிக்கக் கேன் தண்ணீர்தான் வைக்கிறோம்.

கத்திரி வெயிலில் மருந்தெல்லாம் இரண்டாம் பட்சம். இவற்றுக்கு வியர்க்காது, 30 டிகிரியைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டில் வைப்போம், பக்கத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டு படுத்துவிடும். கரன்ட் போகும் ராத்திரிகளில் எங்களுக்கும் தூக்கம் கிடையாது.

இப்போது கையில் இருப்பது கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த வெள்ளையம்மா. கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. அடியில் இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த சீழ். இவற்றின் சீழ் கெட்டித் தயிராக இருப்பதால் ஊசி விட்டு உறிஞ்சினால் வராது, ஆன்டிபயாட்டிக்கும் உள்ளே போய்ச் சேராது. முன்பு இருந்த இடத்தில் கீறிக் கீறி விட்டிருக்கிறார்கள், திரும்பத் திரும்ப நிரம்பியிருக்கிறது. பையோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். மயக்க மருந்துக்குத் தாங்கும் அளவுக்கு எடை ஏற வேண்டும் என்று வைட்டமினும் கூழுமாகத் தேற்றிக்கொண்டிருக்கிறோம். நேற்று நோட்டில் 690 கிராம். 750 ஆகட்டும், தேதி போடலாம் என்றிருக்கிறார்.